புணர்ந்து கெட்டதும் வாராததும்

'செய்யேன்' என்னும் வினைமுற்றில் எதிர்மறை எங்கே இருக்கிறது? 'செய்' பகுதி, 'ஏன்' தன்மை ஒருமை விகுதி, இடையில் ஒன்றுமில்லை. எதிர்மறை ஆகார இடைநிலை 'புணர்ந்து கெட்டது' என்பது மரபிலக்கணம் தரும் விடை. வாராமல் இருக்கவில்லை, வந்து மறைந்தது. இவ்வேறுபாட்டின் அருமையை என் ஆய்வுத் தரவு பாழான அன்றுதான் உணர்ந்தேன்.

இடைநிலை கெட்ட வடிவங்களுக்கு வெற்றுச் சரம் (சுழிய நீளமுள்ள எழுத்துத் தொடர்) இட்டிருந்தேன். இன்னும் பகுக்காத வடிவங்களுக்கு எதுவும் இடவில்லை. காற்புள்ளியால் பிரித்த கோப்பாக மாற்றியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூன்று மாத உழைப்பு! பிழை என்னுடையதே, ஆனால் இக்குழப்பத்தின் வரலாறு என்னினும் மூத்தது.

1956-இல் வெளிவந்த ஸ்டீபன் க்ளீனியின் கட்டுரையில் இன்று நாம் ஒற்றை உறுப்பின் மேல் இடும் நட்சத்திரக்குறி இரண்டு உறுப்புகளுக்கு இடையில் நின்றது. அதனால் வெற்றுச் சொல்லை ஏற்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. ஃபோர்ட்ரான் 77-இல் சரத்தின் நீளம் குறைந்தது ஒன்று. சுழிய நீளத்துக்கு இடமளித்தது ஃபோர்ட்ரான் 90. ஆரக்கிள் தரவுத்தளமோ வெற்றுச் சரத்தை 'நல்' ஆகவே, அதாவது மதிப்பு அறியப்படாததாகவே, கொள்கிறது. அங்கே ஒரு புலத்தை வெற்றுச் சரத்தோடு ஒப்பிட்டுத் தேடினால் ஒரு வரிசையும் கிடைக்காது. அறியாததோடு ஒப்பிட்டால் விடையும் அறியாததே.

பைத்தானில் வெற்றுச் சரத்தை வெற்றிடத்தால் பிரித்தால் வெறும் பட்டியல் வரும். காற்புள்ளியால் பிரித்தால் ஒரு வெற்றுச் சரம் கொண்ட பட்டியல் வரும். முரண் போலத் தோன்றினும் கேள்விகள் வேறு: முன்னது எத்தனை சொற்கள் என்கிறது, பின்னது எத்தனை புலங்கள் என்கிறது. மூன்றெழுத்துச் சரத்தில் வெற்றுச் சரம் எத்தனை முறை வருகிறது என்று கேட்டால் நான்கு என்னும். இடைவெளிகளையும் இரு ஓரங்களையும் எண்ணிப் பாருங்கள், சரியே.

பாணினி இதை நேராகவே எதிர்கொண்டார். அஷ்டாத்யாயி 1.1.60 காணாமற்போதலுக்கு லோபம் என்று பெயரிடுகிறது, 1.1.62, ஒட்டு மறைந்தாலும் அது விளைவிக்கும் செயல் நிகழும் என்கிறது. 'அக்னிசித்' என்பதில் 'சி' என்னும் வேரோடு சேரும் 'க்விப்' ஒட்டு முழுவதும் மறைகிறது. ஆயினும் அது தூண்டிய 'த்' நிற்கிறது. வெறுமை என்பது ஒரு மதிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இப்போது என் தரவில் 'கெட்டது' என்று எழுத்தாலேயே குறிக்கிறேன், பகுக்காததற்குக் கேள்விக்குறி. அகரவரிசையில் பகரம் வரை மீண்டும் சரிபார்த்தாயிற்று.