தெருவுக்கு உரியவர் யார்?

1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, நியூயார்க் நகரில் டிராம் வண்டியிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் என்பவர் மீது மின்சாரத்தால் ஓடும் வாடகை மோட்டார் வண்டி ஒன்று மோதிற்று. மறுநாள் காலை அவர் உயிர் நீத்தார். ஐக்கிய அமெரிக்க நாட்டில் மோட்டார் வண்டியால் மாண்டவர் என்று பதிவு பெற்ற முதல் மனிதர் அவரே. வண்டியோட்டி கைது செய்யப்பட்டார். வேண்டுமென்று செய்த செயலன்று எனக் கண்டு பின்னர் விடுவிக்கப்பட்டார்.

அமெரிக்கா என்றவுடன் மோட்டார் வண்டி நம் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டு மக்கள் தொடக்கத்திலிருந்தே ஒருமனதாக அவ்வண்டியை வரவேற்றார்கள் என்றும், வண்டியோடு கூடவே பிறந்தவர்கள் போல் வாழ்ந்தார்கள் என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. அந்த வண்டிக்குத் தெருவில் இடம் உண்டா, உண்டெனில் எவ்வளவு, யாரை விலக்கி அந்த இடத்தைத் தருவது என்ற வழக்கு அந்நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அவ்வழக்கின் சில கட்டங்களை நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய உட்ரோ வில்சன், 1906-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, நாட்டில் சமதர்ம உணர்ச்சியைப் பரப்புவதற்கு இந்த வண்டியை விஞ்சிய பொருள் வேறொன்றும் இல்லை என்று கவலைப்பட்டார். பணக்காரனின் செருக்கு புழுதி எழுப்பிக்கொண்டு ஏழை உழவனின் வாசல் வழியே ஓடுகிறது என்பது அவர் கருத்து. உழவர்களும் அவ்வாறே எண்ணினர். குதிரைகளை மிரட்டிக் கோழிகளைக் கொன்ற வண்டிகளை நிறுத்தச் சில ஊர்களில் சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டியவர்களும் உண்டு.

வில்சன் இவ்வாறு பேசிய இரண்டாண்டுகளில், 1908-இல், ஹென்றி ஃபோர்டு தமது 'டி' மாடல் வண்டியை வெளியிட்டார். அதன் விலை அப்போது 825 டாலர். 1913-இல் டெட்ராயிட் நகருக்கு அருகிலுள்ள ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க வண்டி அவனிடம் நகர்ந்து வரும் முறை ஏற்பட்டது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 1925-இல் அவ்வண்டியின் மலிவான வகை 260 டாலருக்கு விற்றது. உற்பத்தி நின்ற 1927-க்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்பனையாயின. பள்ளம் வெட்டிய உழவனே அதை வாங்கினான். பின் சக்கரத்தில் வாரைப் பூட்டி மரம் அறுத்தான், நீர் இறைத்தான், ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களுடன் தேவாலயத்துக்கும் சென்றான்.

ஃபோர்டின் ஐந்து டாலர் நாட்கூலியைப் பற்றி நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அக்கூலியை வள்ளன்மையின் சின்னமாகப் பலர் போற்றுவர். நமக்கு அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை. நகரும் வரிசையில் ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் வேலை மனிதரால் தாங்க முடியாததாக இருந்தது. தொழிலாளர் கூட்டங்கூட்டமாக விலகிச் சென்றனர். அவர்களை நிறுத்தி வைக்கத் தர வேண்டியிருந்த விலையே அந்த ஐந்து டாலர்.

இனி நகரத் தெருக்களுக்கு வருவோம். இவ்வரலாற்றில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே.

அந்நாளைய அமெரிக்க நகரத் தெரு இன்று நாம் திரைப்படங்களில் காணும் தெரு அன்று. கூவி விற்போர் தள்ளுவண்டிகளோடு அங்கு நின்றனர். குழந்தைகள் பந்தாடினர். டிராம் நடுவில் ஊர்ந்தது. நடப்பவர் எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் குறுக்கே சென்றனர். தெரு அனைவருக்கும் பொது, அபாயமான பொருளைக் கொண்டு வருபவனே எச்சரிக்கையாக இருக்கக் கடமைப்பட்டவன் என்பதே அப்போதைய வழக்கமும் நீதிமன்றங்களின் பொதுவான நோக்கும் ஆகும். அத்தகைய தெருவில் லட்சக்கணக்கான வண்டிகள் புகுந்தபோது விளைந்ததை ஊகிக்கலாம். 1920-களின் பத்தாண்டுகளில் மட்டும் மோட்டார் வண்டிகளால் மாண்டவர் சுமார் இரண்டு லட்சம் பேர். நகரங்களில் இறந்தவர்களுள் பெரும் பகுதியினர் நடந்து சென்றவர்களே; அவர்களிலும் குழந்தைகள் மிகப் பலர். பால்டிமோர் முதலிய நகரங்களில், போரில் இறந்த வீரருக்கு எழுப்புவது போல, தெருவில் இறந்த குழந்தைகளுக்கு நினைவுச் சின்னங்கள் எழுப்பினர்.

அக்காலச் செய்தித்தாள்களின் சொற்களைக் கவனித்தல் வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்குச் சொற்களின் மேலேயே கண் போகும். அன்றைய தலையங்கங்கள் கொலை என்றும் படுகொலை என்றும் தயங்காமல் எழுதின. கேலிச்சித்திரங்களில் வண்டியோட்டியின் இடத்தில் யமன் அமர்ந்திருந்தான். விபத்து என்ற, யாரையும் சுட்டாத சொல் அந்த இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

1923-இல் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் 42,000-க்கு மேற்பட்டவர் ஒரு மனுவில் கையெழுத்திட்டனர். நகருக்குள் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் வேகம் போகவிடாத கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பதே கோரிக்கை. மோட்டார் வணிகர்கள் திடுக்கிட்டனர். வேகமில்லாத வண்டியை யார் வாங்குவார்? அவர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டி, வண்டி வைத்திருந்தோர் அனைவரையும் தூண்டி, பெரும் பிரசாரம் நடத்தினர். நவம்பர் மாத வாக்கெடுப்பில் அக்கோரிக்கை தோற்றது.

சின்சினாட்டியின் பின்னர் மோட்டார் தொழிலினர் தற்காப்போடு நிற்கவில்லை. குற்றம் வேகத்தில் இல்லை, தெருவைக் கடக்கத் தெரியாதவனிடத்தில் இருக்கிறது என்ற கருத்தை நாடெங்கும் பரப்பினர். அதற்கு வாய்ப்பாக ஒரு சொல் ஏற்கனவே வழக்கில் இருந்தது. 'ஜேவாக்கர்' என்பது அச்சொல். 'ஜே' என்றால் பட்டிக்காட்டான்; நகரத்து நடை தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பவன். இதற்கு நேரான தமிழ்ச் சொல் காண நாம் முயன்றதுண்டு. 'விதி மீறிச் சாலையைக் கடப்பவர்' என்று எழுதினால் சட்டம் வருகிறது, ஏளனம் வரவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து, மொழி தெரியாத நகரத்துத் தெருவில் முதல் நாள் தயங்கி நின்ற நம் நேயர்களுக்கு அந்த ஏளனம் எவ்வளவு சுடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சாரணச் சிறுவர்கள் தெரு முனைகளில் நின்று, கண்ட இடத்தில் கடப்பவர்களிடம் அறிவுரைச் சீட்டுகளைக் கொடுத்தனர். பாதுகாப்பு ஊர்வலம் ஒன்றில் கோமாளி வேடமிட்டவனை மெதுவாக ஓடும் ஃபோர்டு வண்டி மீண்டும் மீண்டும் இடித்துத் தள்ள, கூட்டம் சிரித்தது. அபராதத்தால் ஆகாத காரியம் வெட்கத்தால் ஆயிற்று.

1925 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், நடப்பவர் குறித்த இடத்தில் மட்டுமே தெருவைக் கடக்கலாம் என்று விதி செய்தது. அவ்விதியை உருவாக்குவதில் மோட்டார்த் தொழில் சார்ந்தோர் முன்னின்றனர். அப்போது வர்த்தக மந்திரியாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் கூட்டிய தேசிய மகாநாட்டின் வழியே, இத்தகைய விதிகள் 1928-இல் நாட்டு நகரங்கள் அனைத்துக்கும் மாதிரிச் சட்டமாக வகுக்கப்பட்டன. ஒரு தலைமுறைக்குள் தெருவின் உரிமை கைமாறிவிட்டது. 1929-இல் சுமார் 12 கோடி மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் 2 கோடியே 30 லட்சம் கார்கள் ஓடின.

டிராம் வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சதி செய்து அழித்தது என்றொரு கதை அமெரிக்காவில் பரவலாக வழங்குகிறது. 1949-இல் அந்நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் தண்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் குற்றம், தாங்கள் பங்கு கொண்ட போக்குவரத்துக் கம்பெனிகளுக்குப் பஸ்களையும் எண்ணெயையும் விற்பதில் ஏகபோகம் செய்ய முயன்றது என்பதே. அபராதம் நிறுவனத்துக்கு 5,000 டாலர். டிராம் கம்பெனிகளோ அதற்கு முன்னரே, உயர்த்த இயலாத கட்டணத்தாலும், கார்கள் அடைத்துக்கொண்ட தெருக்களில் நகர முடியாமையாலும் நலிந்திருந்தன. சதியைக் காட்டிலும் தெருவின் உரிமை மாறியதே அவற்றின் முடிவுக்குப் பெரிய காரணம் என்று நாம் கருதுகிறோம்.

வண்டி ஒருபுறம் இவ்வாறு தெருவைப் பறித்தது. மறுபுறம், வேறெங்கும் கிடைக்காத விடுதலையைச் சிலருக்கு அளித்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஒதுக்கிய இடத்தில் அமர வேண்டும் என்பது சட்டம். சொந்தக் காரில் ஏறியவனைப் பின்னால் போய் உட்காரச் சொல்ல யாருமில்லை. ஆனால் வழியில் உணவும் படுக்கையும் கிடைப்பது அரிது. விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால் ஊழியர், கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகளையும் கடைகளையும் தொகுத்து 1936 முதல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். அது முப்பதாண்டு நடந்தது.

1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்து மான்ட்கொமரி நகரில், வெள்ளையருக்கு இடம் தர மறுத்ததற்காக ரோஸா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று உறுதி கொண்டனர். 381 நாட்கள் நீடித்த அப்போராட்டத்தை நடத்தியவர் மார்ட்டின் லூதர் கிங். காந்தியடிகளின் வழியை அவர் பின்பற்றியதை நேயர்கள் அறிவர். (1959 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் புறப்படும்போது அவர் நம் அகில இந்திய வானொலியில் விடைபெறும் உரை நிகழ்த்தினார்.) ஆனால் நாள்தோறும் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டுமே! அதைச் சாத்தியமாக்கியவை கார்கள். ஏறக்குறைய 300 சொந்தக் கார்கள், குறித்த நிறுத்தங்களில், குறித்த நேரத்தில் ஆட்களை ஏற்றிச் சென்றன. தேவாலயங்கள் தங்கள் பெயரில் பெரிய வண்டிகளை வாங்கி ஓட்டின. போலீஸார் அற்பக் காரணங்களுக்கு அபராதம் விதித்தனர். 25 மைல் வேகம் அனுமதித்த இடத்தில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று கிங்கையே 1956 ஜனவரியில் சிறையில் அடைத்தனர். உள்ளூர் இன்ஷூரன்ஸ் ரத்தானபோது, லண்டன் லாயிட்ஸ் மூலம் புதிய இன்ஷூரன்ஸ் பெற்றனர். நவம்பர் 13-ஆம் தேதி, இந்தக் கார் ஏற்பாட்டைத் தடை செய்யக் கோரிய வழக்கில் கிங் உள்ளூர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தபோதுதான், பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தி வந்தது. உள்ளூர் நீதிமன்றம் அன்றும் கார்களைத் தடை செய்யத் தவறவில்லை.

அப்போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1956 ஜூன் 29-ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஐஸன்ஹோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசு ஏற்கும். வயல்களின் ஊடே சென்றவரையில் அது மாபெரும் சாதனைதான். நகரங்களுக்குள் நுழையும்போது, எந்த வீடுகளை இடிப்பது என்ற கேள்வி எழுந்தது. விலை குறைந்த நிலமும் குரல் எடுபடாத மக்களும் உள்ள பகுதிகளே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டன. மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் ராண்டோ என்ற கறுப்பினத்தார் பேட்டை இரண்டாகப் பிளக்கப்பட்டு, 600-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. டெட்ராயிட்டில் ஹேஸ்டிங்ஸ் தெருவின் கடைகளும் இசையரங்குகளும் சாலைக்கடியில் மறைந்தன.

மான்ட்கொமரியும் தப்பவில்லை. பஸ் போராட்டத்தின் முன்னணியினர் பலர் வாழ்ந்த பகுதியின் ஊடே 85-ஆம் எண் பெருஞ்சாலை குறிக்கப்பட்டது. அப்போது மாநில நெடுஞ்சாலைத் துறைக்குத் தலைமை வகித்தவர், இனப்பிரிவினையைக் காக்க ஏற்பட்ட வெள்ளையர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராக இருந்தவர். குடியிருந்தோர் வேறு வழியைச் சுட்டி மனுக்கொடுத்தனர். சாலை வந்தது. ஒருவரையொருவர் ஏற்றிச் சென்ற கார்களால் வென்ற மக்களின் வீடுகளைக் கார்களுக்கான சாலையே கொண்டு போயிற்று.

எல்லா ஊர்களிலும் சாலை வென்றுவிடவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரசபை 1959-இல் திட்டமிட்ட விரைவுச் சாலைகளில் பெரும்பாலானவற்றை ரத்துச் செய்தது. நியூயார்க்கில் ஜேன் ஜேகப்ஸ் அம்மையாரும் அக்கம்பக்கத்தாரும் போராடி, மன்ஹாட்டனின் தென்பகுதியைக் கிழித்துச் செல்ல இருந்த சாலையைத் தடுத்தனர். 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், வண்டியின் அமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது என்று நூல் எழுதினார். அவரைத் துப்பறிய ஆள் வைத்த ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர், மறு ஆண்டு செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

செயின்ட் பால் நகரத் தலைவர் ராண்டோ மக்களிடம் 2015-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். நியூயார்க்கில் மன்ஹாட்டனின் நெரிசல் மிகுந்த பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு 2025 ஜனவரி 5 முதல் கட்டணம் விதிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் அடங்கிய கலிபோர்னியா மாநிலத்தில், 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வண்டி வந்து மோதும் உடனடி அபாயம் இல்லாதவரை, குறித்த இடம் தவிர்த்துத் தெருவைக் கடப்பவரைப் போலீஸார் தடுத்து நிறுத்தவோ அபராதம் விதிக்கவோ கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1925-ஆம் ஆண்டின் விதிக்கும் இதற்கும் இடையே 98 ஆண்டுகள்.