பெரட்டுக் களமும் நோய் விடுப்பும்

மலாயாத் தோட்டங்களில் தொழிலாளியின் நாள் பெரட்டுக் களத்தில் தொடங்கிற்று. விடியுமுன் வரிசையில் நின்றோரின் பெயரைக் கிராணியார் செக்ரோலில் பதிவார். பெயர் பதிந்தவனுக்கே அன்றைய கூலி. காய்ச்சலால் லயத்துக்குள் சுருண்டு கிடந்தவனுக்கு ஒன்றுமில்லை. கஞ்சிக்கும் மருந்துக்கும் காசு மிகுதியாக வேண்டப்படுவது நோயுற்ற நாளில்தான் என்பதை நாட்கூலி முறை கணக்கிற் கொள்ளவில்லை.

ஒப்பந்தக் கூலி முறை நிலவிய காலத்தில் நிலைமை இதனினும் கொடிது. தக்க காரணமின்றி வேலைக்கு வாராமை அன்று குற்றம்; அதற்குத் தண்டமும் சிறையும் உண்டு. காரணம் தக்கதுதானா என்று முடிவு செய்தவன் தொழிலாளியல்லன் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1910இல் இந்தியரை ஒப்பந்தத்தின்கீழ்ச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தோட்ட மருத்துவமனைகள் வேண்டுமெனச் சட்டம் வற்புறுத்தியதும் உண்மையே. ஆயினும் மருந்து கொடுப்பது வேறு. படுத்திருந்த நாளுக்குக் கூலி கொடுப்பது வேறு.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டுமன்றி, வேலை நேரத்தைக் குறைத்தல், முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியனவும் கோரிக்கைகளுள் இடம்பெற்றன. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி படைகொண்டு அடக்கப்பட்டது. போருக்குப் பின் பி. பி. நாராயணன் முதலியோர் முன்னின்று, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தனர்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1957 ஜூன் முதல் நாள்; விடுதலைக்கு மூன்று திங்கள் முன்னர். திருத்தங்கள் பல பெற்ற அச்சட்டத்தின்படி, இன்று தீபகற்ப மலேசியாவில் ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர்க்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்கு உட்பட்டவர்க்கு 18 நாள், அதற்கு மேற்பட்டவர்க்கு 22 நாள் கூலியுடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேரின் 60 நாள். இது 2023 முதல் தனிக் கணக்காயிற்று. ஆனால், மருத்துவர் சான்று இருந்தும் 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்கு அறிவிக்கத் தவறினால், அனுமதியின்றி வாராதவராகவே கருதப்படுவார். எழுத்தறியாத் தொழிலாளியை இவ்விதி எத்துணை இடர்ப்படுத்தும் என்பது ஆசிரியர்க்கு விளங்கும்.

மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கும், ஓய்வு நாளில் அமையும் மிகைநேரத்திற்கு இரு மடங்கும், பொது விடுமுறையில் மும்மடங்கும் கூலி தரல் வேண்டும். வார வேலை 48 மணியிலிருந்து 45 மணியாக 2023இல் குறைந்தது. எனினும், எடைக்குக் கூலி பெற்ற பால்மரத் தொழிலாளிக்கு மணிக்கணக்கு நெருக்கமானதன்று. புகைக்கொட்டகையிலும் ஆலையிலும் நின்றவனுக்கே மிகைநேரக் கூலி பெரிதும் பயன்பட்டது. மரம் வெட்டியவன் வாழ்வை மாற்றியது நோய் விடுப்பே. பெரட்டுக்கு வாராத நாளிலும் செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே கூலி ஏறிற்று.