கேஸ் போன இடம்

சென்ற சித்திரையில் என் காரின் ஏ.சி. குளிர்காற்றுக்குப் பதிலாக வெறுங்காற்றை ஊதத் தொடங்கியது. பட்டறைக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, குழாயின் வாயில் மீட்டரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு சார், அடிச்சிடலாம்" என்றார். பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருளா அது? "எங்கே போச்சு?" என்று கேட்டேன். "எங்கயோ லீக்கு" என்று சொல்லிவிட்டு ஆகாயத்தைக் காட்டினார். பேச்சுவாக்கில் நீட்டிய கைதான். ஆனால் அது காட்டிய திசை மிகச் சரியானது.

மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இதே உத்தியைக் காரில் செய்துபார்த்தவர்கள் அமெரிக்கர்கள். உள்ளே நனைந்த திண்டு வைத்த ஓர் உருளையைக் கார் ஜன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு பாலைநிலங்களைக் கடந்தார்கள். வறண்ட அரிசோனாவில் அது எடுபட்டது. காற்றே நனைந்து கிடக்கும் சென்னையில் எடுபடாது. தவிர, போன ஆவி போனதுதான். மறுபடி நீர் ஊற்றவேண்டும். போன ஆவியைப் பிடித்துத் திரும்பத் திரவமாக்க முடிந்தால் ஒரே அளவு திரவத்தைக் காலமெல்லாம் சுற்றவிடலாம். காரின் ஏ.சி. என்பது இந்தப் பிடித்துவைக்கும் வேலைக்கான ஏற்பாடு.

டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இவாப்பரேட்டர்தான் நமது பானை. அதன் மெல்லிய குழாய்களுக்குள் திரவம் கொதிக்கிறது. கொதிப்பது என்றதும் நெருப்பை நினைக்கவேண்டாம். இன்று ஓடும் கார்களில் மிகப்பல பயன்படுத்தும் ஆர்-134ஏ என்ற பொருள் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள்ளிருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அக்காற்றின் ஈரம் குழாய்களின்மேல் வியர்த்துக் கீழே சொட்டுகிறது. நிறுத்திய காரடியில் தேங்கும் அந்தத் தண்ணீரைக் கண்டு கேஸ் ஒழுகுவதாகப் பதறுபவர்கள் உண்டு. நானும் பதறியிருக்கிறேன்.

அடுத்தது கம்ப்ரஸர். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது, உள்ளிருந்து எடுத்த சூட்டை அந்த வெயிலிலேயே எப்படிக் கொட்டமுடியும்? ஆவியை வெயிலைவிடச் சூடாக்கினால் முடியும். கம்ப்ரஸர் ஆவியை அழுத்தி நெருக்கி அதைத்தான் செய்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் ஆவி தன் சூட்டை இழந்து திரவமாகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் குருணைகள் கொண்ட டிரையரைக் கடந்து, ஊசித்துளை போன்ற எக்ஸ்பான்ஷன் வால்வு வழியே அழுத்தம் குறைந்து மீண்டும் இவாப்பரேட்டருக்குள் பாய்கிறது.

இந்த உறுப்புகளை ஒரு காருக்குள் அடக்கி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம். 1939 நவம்பரில், சிகாகோ கண்காட்சியில், தனது 1940-ஆம் ஆண்டு மாடல்களுக்காக அதை அறிமுகப்படுத்தியது. விலை 274 டாலர். இவாப்பரேட்டர் பின்பக்க டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரஸரும் ஓடிக்கொண்டேயிருந்தது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து, கையால் பெல்ட்டைக் கழற்றவேண்டும். 274 டாலர் கொடுத்தவர் இதைச் செய்தாரா, அல்லது சால்வை போர்த்திக்கொண்டாரா? 1941-க்குப் பிறகு பேக்கார்ட் இந்த வசதியைக் கைவிட்டது. 1954-ல் நாஷ் நிறுவனம் எல்லாவற்றையும் காரின் முன்பக்கத்தில் சுருக்கி அடக்கியது. பெல்ட்டைக் கழற்றும் வேலையை ஒரு காந்தக் கிளட்ச் ஏற்றுக்கொண்டது. நாஷ், கெல்வினேட்டர் குளிர்பெட்டி நிறுவனத்தோடு 1937-லேயே இணைந்திருந்தது, கை பழகியிருந்தது.

ஆனால் வீட்டுக் குளிர்பெட்டிக்கும் காருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குளிர்பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரஸரும் பற்றவைத்து மூடிய ஒரே இரும்புக் கூட்டுக்குள் கிடக்கின்றன. வெளியே வருவது மின்கம்பி மட்டும்தான். காரிலோ, எஞ்சினின் பெல்ட் சுழற்றுவதற்காகக் கம்ப்ரஸரின் அச்சு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டவேண்டும். சுழலும் அச்சைச் சுற்றி எத்தனை நல்ல சீல் வைத்தாலும் நாளடைவில் தேயும். எஞ்சின் ஓயாமல் அதிர்வதால் உலோகக் குழாய்கள் மட்டும் போதாது. ரப்பர் ஹோஸ்கள் வேண்டும். ரப்பரோ மெல்லக் கசியும். ஒழுகுவது கார் ஏ.சி.யின் பிறவிக்குணம். (மின்சாரக் கார்களில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே கூட்டுக்குள் வந்துவிட்டன.)

அப்படி ஒழுகியது எது? 1920-களில் குளிர்பெட்டிகளில் இருந்தவை கந்தக டையாக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள். உறங்குகிறவர்களைக் கொன்றிருக்கின்றன. நஞ்சில்லாத, தீப்பற்றாத ஒரு பொருளைத் தேடும் பொறுப்பை, ஃப்ரிஜிடேர் குளிர்பெட்டிகளையும் தயாரித்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியை 1921-ல் கண்டவர் அவர்தான். மிட்ஜ்லியும் சகாக்களும் முதல் மாதிரியைத் தயாரித்து ஒரு கினிப்பன்றியைச் சுவாசிக்கவைத்தார்கள். அது சாகவில்லை. அடுத்த மாதிரியில் செத்தது. மூலப்பொருள் வந்த ஐந்து புட்டிகளில் நான்கு கெட்டுப்போயிருந்தன. முதலில் திறந்தது தற்செயலாக நல்ல புட்டி. வேறு எதையாவது முதலில் எடுத்திருந்தால் ஆய்வை அன்றே கைவிட்டிருப்போம் என்ற பொருளில் பின்னாளில் அவரே சொன்னார். 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்திமேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஃப்ரியான் என்ற பெயரில் புகழ்பெற்ற ஆர்-12 அதுதான். பேக்கார்ட் தொடங்கி ஐம்பதாண்டுகளுக்கு மேல் கார்களில் ஓடியது.

அது எதனோடும் சேராது. இரும்பை அரிக்காது, மழையில் கரையாது, கீழ்க்காற்றில் சிதையாது. அந்த நற்குணமே வினையாயிற்று. சிதையாதது மேலே போய்க்கொண்டேயிருந்தது. 1971-ல் ஜேம்ஸ் லவ்லாக் கடற்பயணம் செய்து அட்லாண்டிக் காற்றில் இதே இனத்து வாயுவை அளந்தார். தீங்கில்லை என்றே கருதினார். 1974-ல் மொலினாவும் ரோலண்டும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஓசோன் மண்டலத்தில் புற ஊதாக்கதிர் பட்டால் அது உடைகிறது. அதிலிருந்து விடுபடும் ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். தொழிலதிபர்கள் நகைத்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவின் வானில் தேய்வு கண்ணெதிரே பதிவாயிற்று. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். மிட்ஜ்லி இதில் எதையும் காணவில்லை, 1944-லேயே இறந்துவிட்டார்.

1990-களின் நடுவில் புதிய கார்களில் ஆர்-134ஏ வந்தது. குளோரின் இல்லை, ஓசோனுக்கு ஆபத்தில்லை. ஆனால் எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2016-ன் கிகாலி திருத்தம் இந்த இனத்தையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் எந்தப் புதிய காரிலும் ஆர்-134ஏ நிரப்பக்கூடாது. அங்கே இடம்பிடித்த ஆர்-1234ஒய்எஃப் சில நாட்களிலேயே சிதைந்துவிடுகிறது. ஆனால் சிதைவதில் எளிதில் அழியாத ஓர் அமிலம் மிஞ்சி மழையோடு இறங்குகிறது. அதைப் பற்றிய வாதம் ஓயவில்லை.

என் காரில் ஆர்-134ஏ. பானெட்டின் உட்புறச் சீட்டில் எழுதியிருக்கிறது. மெக்கானிக் கடைசியில் ஒழுக்கைக் கண்டுபிடித்தார். விரலில் மோதிரமாகப் போடுமளவு சிறிய ரப்பர் வளையம், வெடித்திருந்தது. இந்த வாயு காற்றில் பதினான்கு ஆண்டுகள் போல இருக்கும். ஆர்-12-க்கு அந்தக் கணக்கு ஏறத்தாழ நூறாண்டு. 1954-ல் நாஷ் கார்களிலிருந்து ஒழுகியதில் ஏறக்குறையப் பாதி இன்னும் மேலே இருக்கிறது.