ஸா

கொரிய வேலைவாய்ப்புக்காக மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் பொடியன்கள் 'ஸா' என்றால் நாலு என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். சரிதான், ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சாவும் ஸா, பௌத்த விகாரையும் ஸா (புல்குக்ஸா என்ற விகாரைப் பெயரின் கடைசி அசை அதுதான்), கம்பனியும் வரலாறும்கூட ஸா. இவையெல்லாம் சீனத்திலிருந்து வந்தவை. சீன எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உண்டு. செஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தோ ஒலியை மட்டும் எழுதுகிறது. இப்போது கொரியர் பெரும்பாலும் அதிலேயே எழுதுவதால் எல்லாம் ஒரே முகமாகிவிட்டன. நாலும் சாவும் ஒன்றாய் ஒலிப்பதால் அங்கே பல கட்டடங்களின் லிஃப்டில் நாலாம் இலக்கத்துக்குப் பதிலாக ஆங்கில 'எஃப்' நிற்கும். 'வாங்கு' என்பதன் அடியும் ஸா. அது மட்டும் கொரியத்தின் சொந்தப் பிள்ளை. எனக்குப் பிடித்தவை தொழிற்பெயர்கள்: வைத்தியர் 'உய்ஸா', சட்டத்தரணி 'பியொன்ஹோஸா', நீதிபதி 'பன்ஸா'. மூன்றுக்கும் சீன எழுத்து வேறு வேறு. மாப்பிள்ளை தேடும் கொரியத் தாய்மாருக்கு அதுவா முக்கியம், ஸாவில் முடிந்தால் போதும்! மகளுக்கு வீடு கட்டிவைத்து டொக்டர் மாப்பிள்ளை பார்க்கும் கல்முனை உம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சீனத்திலிருந்து வந்த ஸாக்கள் சிலவற்றுக்கு நாட்டுச்சொற்களும் இருக்கின்றன: நாலுக்கு 'நெத்', விகாரைக்கு 'ஜொல்'. ஆனாலும் இரவல் சொல் விலகவில்லை, இரண்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன. நாலு மணி என்றால் 'நே ஷி', அது நாட்டுச்சொல். நாலு நிமிடம் என்றால் 'ஸா புன்'. ஒரே மணிக்கூட்டுக்கு இரண்டு கணக்கு; பொடியன்கள் தடுமாறுவதும் இங்கேதான்.