எந்திரக் கட்டுப்பாட்டு அலகு

எந்திரக் கட்டுப்பாட்டு அலகு என்பது தானுந்து எந்திரத்துக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும், தீப்பொறி எப்போது தோன்ற வேண்டும் என்பவற்றைக் கணித்து இயக்கும் சிறு கணினி ஆகும். நச்சு வளிகளைக் குறைக்க வேண்டிய தேவையே இது பரவலானதற்கு முதன்மைக் காரணம். கீழே பெட்ரோல் எந்திரங்களில் இதன் செயற்பாடு விளக்கப்படுகிறது.

வரலாறு

முன்பு கார்புரேட்டர் எரிபொருளையும், டிஸ்ட்ரிபியூட்டர் தீப்பொறியையும் இயந்திர முறையில் கட்டுப்படுத்தின. ஐக்கிய அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் போன்ற சட்டங்கள் உமிழ்வு வரம்புகளைக் கடுமையாக்கியபோது அவற்றின் துல்லியம் போதவில்லை. போஷ் நிறுவனத்தின் ஆக்சிசன் உணரி 1976இல் வோல்வோ தானுந்துகளில் அறிமுகமானது. 1979இல் அந்நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு, எரிபொருள், தீப்பொறி ஆகிய இரண்டையும் ஒரே கணினியின் கீழ்க் கொணர்ந்தது.

எரிபொருள்

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. உள்ளே வரும் காற்றை உணரிகளால் அறிந்து, எரிபொருள் தெளிப்பான் திறந்திருக்க வேண்டிய நேரத்தைக் கணினி மில்லிநொடிகளில் கணிக்கிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிசன் உணரி, எரிந்தபின் மிஞ்சிய ஆக்சிசனைத் தெரிவிக்கும். அது மிகுந்திருந்தால் எரிபொருள் கூட்டப்படும், குறைந்திருந்தால் குறைக்கப்படும். இது பின்னூட்டக் கட்டுப்பாட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். குளிர்ந்த எந்திரத்தைக் கிளப்பும்போது பின்னூட்டமின்றி, கூடுதல் எரிபொருள் செலுத்தப்படும்.

தீப்பொறி

கலவை எரிவதற்குச் சிறிது நேரம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே தீப்பொறி தோன்ற வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில், ஒரு மில்லிநொடிக்குள் கிராங்க் தண்டு 18 பாகை திரும்பிவிடும். தீப்பொறி அளவுக்கு மீறி முந்தினால் எந்திரம் 'தட்டும்'. பிந்தினால் ஆற்றல் வீணாகும். தட்டல் உணரி எச்சரித்ததும் கணினி தீப்பொறியைச் சற்றுப் பின்தள்ளும்.

உமிழ்வு

மூவழி வினையூக்கி மாற்றி, கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஐதரோகார்பன்களையும் ஆக்சிசனேற்றம் செய்கிறது. நைட்ரசன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிசனை நீக்குகிறது. எதிரெதிரான இவ்விரு வினைகளும் 14.7 விகிதத்தை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் மட்டுமே ஒருங்கே நன்கு நடைபெறும். கலவையைக் கணினி ஓயாது திருத்துவது இதற்காகவே.

மென்பொருளும் நம்பகத்தன்மையும்

உமிழ்வைக் குறைக்கும் மென்பொருளே அதை மறைக்கவும் வல்லது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் தானுந்துகள், ஆய்வகச் சோதனையை அடையாளங்கண்டு அப்போது மட்டும் உமிழ்வுக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது 2015 செப்டம்பரில் வெளியானது. சாலையில் அவற்றின் நைட்ரசன் ஆக்சைடு உமிழ்வு, வரம்பைப்போல் 40 மடங்கு வரை இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி ஊர்திகளில் இம்மென்பொருள் இருந்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய தானுந்து வகைகள் சாலையிலும் சோதிக்கப்படுகின்றன.