வடலூர்ச் சத்திய ஞானசபையும் வெளியும்

வெறுவெளி என்னுஞ் சொல்லை உலகர் இன்மை என்னும் பொருளில் வழங்குவர். சைவர்க்கு அஃது அத்துணையளவிற்றன்று. தில்லையில் இரகசியத் திரை விலகுங்காற் காணப்படுவன பொன் வில்வ மாலைகளும், அவற்றின் பின் உருவொன்றுமில்லா வெளியுமே. ஆகாயமென்னும் பூதம் மாயாகாரியமாய்ச் சடமாதலின், அதுவே இறைவனாகாது; எங்கும் நிறைந்த சிதாகாசத்திற்கு அஃது ஓர் அறிகுறியாமென்பது சித்தாந்தத் துணிபு.

இவ்வறிகுறியை ஒளியோடு புணர்த்துப் பிறிதோர் அமைப்பாற் காட்டியவர் இராமலிங்க அடிகள் (1823–1874). பார்வதிபுரத்து ஊரவர் ஏறக்குறைய 80 காணி நிலம் உவந்தளித்தனர். அந்நிலத்தே 1867 மே 23-இல் தருமச்சாலை தொடங்கப்பெற்றது. எண்கோண வடிவினதாகிய சத்திய ஞானசபையின் திருப்பணி 1871-இல் தொடங்கி, 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று சோதி வழிபாடு நிகழ்ந்தது. உள்ளே உருவத் திருமேனி இல்லை. விளக்கொன்றும் கண்ணாடி ஒன்றும் உள. அவற்றின் முன் கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என்னும் நிறத்தனவாய் ஏழு திரைகள் தொங்கும். தைப்பூசத்தன்று அவ்வேழும் நீங்க ஒளி புலப்படும்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. திரை விளக்கைக் குறைப்பதுமில்லை, அது நீங்குதல் விளக்கை ஏற்றுவதுமில்லை. மறைபடுவது காண்பான் கண்ணே. ஆணவமலம் உயிரினது அறிவை மறைத்தலன்றி இறைவனை மறைக்கமாட்டாமையும் இவ்வாறேயாம். அருட்பா பற்றிய வழக்கில் அடிகளோடு மாறுபட்ட சைவர்க்கும் இவ்வுவமையைக் கொள்ளுதற்குத் தடையின்று.

இனி, சபையின் புறத்தே கிடக்கும் பெருவெளியும் இவ்வமைப்பின் வேறன்று. தைப்பூசத்தன்று மக்கள் திரண்டு நின்று சோதி காண்பது அங்கேயாம். 2024 பிப்ரவரியில், ஏறக்குறைய 100 கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் சர்வதேச மையம் அமைத்தற்குத் தமிழக அரசு அவ்வெளியில் அடிக்கல் நாட்டியது. ஏப்ரலில் ஊரவர் எதிர்த்தனர். வழக்கும் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. வரும் அன்பர்க்கு வசதி வேண்டுமென்பார் கூற்றும் தள்ளத்தக்கதன்று. பசித்தார்க்குச் சோறிட்ட இடமன்றோ அது!

ஆயினும் அவ்வெளியைப் பயனின்றிக் கிடக்கும் நிலமென்று எண்ணுதல் பொருந்தாது. சபையுள் ஒளிக்கு இடந்தருவது வெளி. புறத்தே அவ்வொளியைக் காண்பார்க்கு இடந்தருவதும் வெளியே. இரண்டற்கும் இடையே சுவர் எழுமாயின் அஃது எட்டாந் திரையாய் முடியும். ஆதலின் விடுதி, நூலகம் முதலியன அயலிடத்தமைய, பெருவெளி வெளியாகவே நிற்றல் நேரிதாமென்க.