சப்பாத்திக்கள்ளியைத் தின்ற பூச்சி

"மெக்கானிக்கல் படிச்சவனுக்குப் பூச்சியைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று என் செட் நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்! மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு நினைவில் வந்தது நம்ம ஊர் சப்பாத்திக்கள்ளிதான்.

ஆண்டிபட்டிப் பக்கம் கரட்டோரத்தில் கள்ளி மட்டையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் நசுக்கிப் பாருங்கள். விரல் ரத்தச் சிவப்பாகிவிடும். அதுதான் கொச்சினீல் பூச்சி. கள்ளி, பூச்சி இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு.

அந்தச் சிவப்புச் சாயத்துக்கு அன்று ஐரோப்பாவில் நல்ல விலை. வியாபாரமோ ஸ்பெயின்காரர்கள் கையில். கிழக்கிந்தியக் கம்பெனி சும்மா இருக்குமா? சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது வேறு இனம்! சாயம் தேறவில்லை, வட இந்தியாவில் ஒருவகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. களையைப் பூச்சியால் அழிக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்ட முதல் பாடங்களில் ஒன்று இது.

1836-38-ல் அதைத் தெற்கே கொண்டுவந்தார்கள். இங்கும் அந்த ஒரு வகையைத்தான் தின்றது. மற்றக் கள்ளிகளைச் சீண்டவில்லை. அவை மேய்ச்சல் நிலத்தையும் புன்செய்யையும் விழுங்கிக்கொண்டே போயின. 1926-ல் அவற்றுக்கேற்ற இன்னொரு கொச்சினீல் இனம் ஆஸ்திரேலியா, இலங்கை வழியாக வந்தது. ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஒரு லட்சம் ஏக்கர், வெளியானது. மருந்தில்லை, மெஷினில்லை!

நட்டுக்குத் தகுந்த ஸ்பானர் வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் படித்தோமே, அதே கணக்குதான்.

இன்றைய கள்ளி, பார்த்தீனியம். கம்பம் பள்ளத்தாக்கிலும் ரோட்டோரம் வளர்கிறது. தொட்டால் சிலருக்கு அரிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல். இதற்காக 1984-ல் மெக்சிகோ வண்டை, பெங்களூரில் சோதித்தபின் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையை மொட்டையடிக்கும். வறட்சியில் மண்ணுக்குள் உறங்கிவிடும். 1990களின் தொடக்கத்தில், "சூரியகாந்தியையும் கடிக்கிறது" என்று புகார் எழுந்து அரசு ஆய்வுக்குழுவே போட வேண்டியதாயிற்று. பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே குடும்பமாயிற்றே!

தம்பி, தங்கைகளே, விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது. 1795-ல் ஆள் மாறி வந்ததில் நமக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அதிர்ஷ்டத்தை நம்பி டிசைன் போடக்கூடாது. வருஷக்கணக்கில் சோதித்துவிட்டுத்தான் விடவேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள் நம் கல்லூரியிலிருந்தும் வரட்டும்.